எந்த ஊருக்காரங்க நீங்க?

பொங்கல் கழிந்த மறுவாரம் கேரளத்துப் புனலூரிலிருந்து அத்தான் வந்திருந்தார். என் அப்பாவின் அக்கா மகன். கூடவே அவர் மனைவியும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும். செங்கோட்டைக்கு வந்தால் வழக்கமாகக் குற்றாலத்தில் ஒரு குளியல், பிரானூர் பக்கம் பார்டர் பரோட்டா என்று நாள் ஓடிவிடும். இந்த முறை நான் விடவில்லை. திருநெல்வேலிப் பக்கம் ரெட்டியார்பட்டியில் 2025 டிசம்பரில் திறந்த பொருநை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வேனில் இடம் இருந்ததால் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை படித்துப் பார்க்காமல் பேசமாட்டார்.

உள்ளே மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. தாமிரபரணிப் பக்கம் அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். தாழிகள் இருந்த இடத்தில் மூத்த பேரன் நின்றுவிட்டான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். "தாத்தா, இது நன்னங்ஙாடியல்லே?" என்றான். அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேரளத்தில் முதுமக்கள் தாழிக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் வாழ்ந்தவர்களும் அந்தப் பக்கம் வாழ்ந்தவர்களும் இறந்துபோனவர்களை ஒரே மாதிரிப் பானையில் வைத்துத்தான் மண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி அந்தச் சொல்லை மூன்று தடவை சொல்லிப் பார்த்து, சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். வண்டிகள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "எத்தன கேரளா வண்டி வந்திருக்கு பாத்தியளா? வெளி ஸ்டேட்காரங்களுக்குன்னு தனி ரேட்டு வச்சா என்ன? நம்ம வரியில கட்டுன கட்டடம்லா?"

அத்தான் டீ டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளுக்கு வடை வேண்டுமா என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அண்ணாச்சி யாரையும் குத்திக்காட்டுகிறவர் கிடையாது. அத்தானை அவருக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அவர் வெளி மாநிலத்துக்காரர் என்கிற நினைப்பே அண்ணாச்சிக்கு வரவில்லை. எனக்கு உறைத்தது அதுதான். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று மனதில் கிடக்கிறது.

அண்ணாச்சிக்கு இந்த யோசனை வந்த கதையையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தார். அங்கேயிருந்து ஒரு நாள் எல்லாருமாக நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு 30 டாலர், 65 வயது தாண்டியவர்களுக்கு 22 டாலர். அண்ணாச்சி, மதினி, மகன், மருமகள் என்று நாலு பேருக்கு 104 டாலர் ஆகியிருக்கிறது. அன்றைய கணக்குக்கு 8,500 ரூபாய்க்கு மேல். அவர்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா அடையாள அட்டையைக் காட்டி ஒரே ஒரு டாலர் கொடுத்துவிட்டு உள்ளே போனாராம். நியூயார்க் மாநிலத்துக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது அங்கே விதி. நியூஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களுக்கும் அதே சலுகை உண்டு. நியூஜெர்சியில் வேலை பார்க்கும் மகனுக்குக் கிடையாது.

முதலில் இப்படி இல்லை. 1970இலிருந்து அங்கே எல்லாருக்கும் ஒரே ஏற்பாடுதான்: ஒரு தொகையைச் சொல்வார்கள், முடிந்ததைக் கொடுத்துவிட்டுப் போகலாம். நாளாக ஆக, சொன்ன தொகையை முழுதாகக் கொடுப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 2004இல் 63 சதவீதம் பேர் கொடுத்தார்கள், பிறகு 17 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று நிர்வாகம் சொன்னது. அதனால் 2018 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து வெளி மாநிலத்தவருக்குக் கட்டாயக் கட்டணம், 25 டாலர். 2022இல் அது 30 ஆனது. அந்தக் கட்டடமும் நிலமும் நியூயார்க் நகரத்துக்குச் சொந்தம். நகரம் ஆண்டுதோறும் பணமும் கொடுக்கிறது. பணம் கொடுக்கிற ஊர்க்காரனுக்குச் சலுகை, வருகிறவனுக்குக் கட்டணம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்பார் அண்ணாச்சி. இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகமும் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ, மற்றவர்களுக்கு 22 யூரோ என்று மாற்றியிருக்கிறது. அந்தச் செய்தியையும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.

ஆனால் அந்த நியூயார்க் கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது? அண்ணாச்சி போனில் காட்டிய படங்களில் மதினி ஒரு எகிப்துக் கோயிலுக்கு முன்னால் நிற்கிறார். தெந்தூர் கோயில். அஸ்வான் அணை கட்டியபோது தண்ணீரில் மூழ்க இருந்த கோயில்களைக் காப்பாற்ற அமெரிக்கா பணம் கொடுத்து உதவியது. அதற்கு நன்றியாக 1965இல் எகிப்து அரசாங்கம் இதை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. நியூயார்க்குக்கு என்று கொடுக்கவில்லை, அமெரிக்க நாட்டுக்குக் கொடுத்தது. 1967இல்தான் அது இந்த அருங்காட்சியகத்துக்கு என்று முடிவானது. நாட்டுக்கே வந்த பரிசைப் பார்க்க நியூயார்க்காரர் இஷ்டப்பட்டதைக் கொடுக்கிறார், நியூஜெர்சிக்காரர் 30 டாலர் கொடுக்கிறார். இன்னொரு படத்தில் சோழர் காலத்துப் பார்வதி, செம்பில் வார்த்தது. நம் ஊர் அம்மனைப் பார்க்க அண்ணாச்சி 22 டாலர் கொடுத்திருக்கிறார். அதைச் சொன்னபோதுகூட அவர் வருத்தப்படவில்லை. "நல்லா வச்சிருக்கான், அதுக்குக் குடுக்கலாம்" என்றார். அவர் மனசு அப்படி.

வரிக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் எல்லாரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். நம்ம வரியில் கட்டியது என்பது உண்மை. ஆனால் கேரளத்திலிருந்து வருகிறவர் ஜங்ஷன் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கினால், அந்த வாடகைக்குப் போடும் ஜிஎஸ்டியில் பாதி தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது. அறை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கு. சாப்பிடுகிற இட்லிக்கும் அதே கணக்கு. அல்வா வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அருங்காட்சியக வாசலுக்கு வருவதற்குள்ளேயே அவர் நமக்கு வரி கட்டிவிடுகிறார்.

என்னைத் தொந்தரவு செய்வது பணம் இல்லை, யார் வெளி மாநிலம் என்கிற கேள்வி. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

செங்கோட்டை 1956 அக்டோபர் 31 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நவம்பர் 1ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எங்கள் தாத்தா மிளகும் பாக்கும் வாங்கி விற்றவர். மலைக்கு அந்தப் பக்கம்தான் அவருக்குக் கொடுக்கல் வாங்கல் முழுவதும். 1904இல் வந்த மீட்டர் கேஜ் ரயிலில் குகையும் பதிமூன்று கண் பாலமும் தாண்டிப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போய் வருவார். அவருடைய மூத்த மகளை, என் அத்தையை, 1955இல் புனலூரில் கட்டிக் கொடுத்தார். கட்டிக் கொடுக்கும்போது இரண்டும் ஒரே மாநிலம். ஒன்றரை வருஷம் கழித்துத் தலைப் பிரசவத்துக்கு அழைத்து வரும்போது அத்தை வேறு மாநிலத்துக்காரி. "ராத்திரி படுக்கும்போது ஒரு ராஜ்யம், காலைல எந்திரிக்கும்போது இன்னொரு ராஜ்யம். அடுப்பு அதே அடுப்புதான்" என்று ஆச்சி சொல்லுவாள்.

யாரும் இடம் மாறவில்லை, கோடு மாறியது. ஊர் எல்லையில் இருக்கும் தோரண வாயிலில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றைக்கும் பார்க்கலாம். எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று அன்றைக்குப் போராட்டங்கள் நடந்ததும், தமிழ் பேசுகிறவர்கள் தமிழ்நாட்டோடு சேர ஆசைப்பட்டதும் எனக்குத் தெரியும், அது நியாயம்தான். நிர்வாகத்துக்கு ஒரு கோடு வேண்டும். ஆனால் ஆதிச்சநல்லூர்த் தாழிக்கு முன்னால் நிற்கிற ஒருவரை அந்தக் கோட்டை வைத்துப் பிரிக்க வேண்டுமா? அத்தை போன பிறகும் அவள் பிள்ளைகள் ஆடிக்கும் தைக்கும் இங்கே வருகிறார்கள். புளியரை செக்போஸ்டில் லாரிகளை நிறுத்திப் பார்ப்பார்கள். பஸ்ஸில் வருகிற ஆளை எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. குற்றாலத்து அருவியும் கேட்பதில்லை.

கேட்டால் எதை வைத்துக் கேட்பார்கள்? ஆதார் அட்டையில் இருக்கிற முகவரியை வைத்துத்தான். தாராவியில் நூறு வருஷத்துக்கு மேலாகத் திருநெல்வேலிக்காரர்கள் இருக்கிறார்கள். தோல் வேலைக்கும் மற்ற வேலைகளுக்கும் போய், மூன்று நாலு தலைமுறை அங்கேயே ஆகிவிட்டது. கோயில் கொடைக்கு ரயில் பிடித்து வந்துவிடுவார்கள். அப்படி வருகிற பிள்ளையின் அட்டையில் மும்பை முகவரி இருக்கும். அவனுடைய பாட்டனின் ஊர் ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்து ஊராகவே இருக்கலாம். வாசலில் அவன் வெளி மாநிலம். இந்தப் பக்கம் ஒடிசாவிலிருந்து வந்து இங்கே முகவரி மாற்றிக்கொண்ட ஒரு கட்டடத் தொழிலாளி உள்ளூர். அவருக்குக் குறைந்த கட்டணம் கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த மும்பைப் பையனுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

சட்டம் இதைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தூர் மருத்துவக் கல்லூரி வழக்கு ஒன்றில் 1955இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மத்திய பாரத மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு கட்டணம், வெளியே இருந்து வருகிற மாணவர்களுக்குக் கூடுதல் கட்டணம். பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு; வசிக்கும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு, ஆகவே இது செல்லும் என்று தீர்ப்பானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். எட்டயபுரத்து அம்பி தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைப் பாடம் பண்ணிய அதே சங்கீத வித்வான்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நம் பக்கத்துக் கரிசல் ஊரோடு இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்! தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். கல்லூரியில் இடங்கள் கொஞ்சம். ஒருவர் சேர்ந்தால் இன்னொருவருக்கு இடம் போய்விடும். அருங்காட்சியகத்தில் அத்தான் பார்த்துவிட்டுப் போனதால் அண்ணாச்சிக்குத் தாழி குறைந்துபோகவில்லை.

வெளிநாட்டவருக்கு ஏற்கெனவே தனிக் கட்டணம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 15 ரூபாயும் 250 ரூபாயும். மாமல்லபுரத்தில் சார்க் என்னும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கும் 40 ரூபாய்தான். யாழ்ப்பாணத்து அண்ணன் இலங்கை பாஸ்போர்ட்டோடு வந்தால் 40, கனடாவில் குடியுரிமை வாங்கிய தம்பி அதே வேனில் வந்து இறங்கினால் 600. இதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் நாட்டு எல்லையில் பாஸ்போர்ட் என்று ஒன்று காலம்காலமாக இருக்கிறது, அதைப் பார்க்கிறார்கள். மாநில எல்லையில் இல்லாத ஒரு பாஸ்போர்ட்டை அருங்காட்சியக வாசலில் புதிதாக உண்டாக்க வேண்டாம் என்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஆதிச்சநல்லூரின் கதையே வெளியூர் போன பொருட்களின் கதை. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகர் முதலில் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1899இலிருந்து அலெக்சாண்டர் ரீ பல வருஷம் தோண்டினார். தங்க நெற்றிப் பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் என்று வண்டி வண்டியாகக் கிடைத்தவை எழும்பூருக்குப் போயின. 114 ஏக்கர் பறம்பு மட்டும் தாமிரபரணிக் கரையில் நின்றது. நான் சின்னப் பையனாக அந்த வழியில் பஸ்ஸில் போகும்போது அது ஒரு மேடு, அவ்வளவுதான். யாரும் காட்டித் தந்ததில்லை.

கல்லூரி முடித்து ஒரு தேர்வு எழுதச் சென்னை போனபோதுதான் எழும்பூரில் அந்தப் பொருட்களை முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், எங்கள் ஆற்றங்கரைப் பொருளைப் பார்த்தேன். ஒரு வெண்கலச் சாடியின் மூடிமேல் சின்னச் சின்ன மிருகங்கள். கண்ணாடிக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றேன். காவலுக்கு இருந்த பெரியவர் வந்து "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் என்றதும், "அப்ப இது உங்க ஊருச் சாமான்தானே, நல்லாப் பாரு" என்று விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். எந்த ஊர் என்ற கேள்வி எங்கள் பக்கம் அப்படித்தான் வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் "எங்கயிருந்து வாரிய?" என்பார்கள். அடுத்தது "அங்க யாரு வீடு?" என்று வரும். எங்கேயாவது ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் விடுவார்கள். அதே கேள்வியைக் கட்டணம் பிரிப்பதற்காக நாம் கேட்கத் தொடங்கக் கூடாது. நம் பொருளைப் பார்க்க எழும்பூருக்கும் பெர்லினுக்கும் வெளியூர்க்காரர்களாகப் போய் நின்ற ஜனம் நாம்.

கொற்கையில் 2021இல் தோண்டியபோது கங்கைச் சமவெளியைச் சேர்ந்த கறுப்பு மெருகுப் பானை ஓடுகள் கிடைத்தன. அந்தத் துறைமுகத்துக்கு முத்து வாங்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். கிரேக்கர்கள் 'கொல்கோய்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் நாம் பெருமையாகக் காட்டுகிறோம். பீகாரிலிருந்து ஒரு குடும்பம் அதைப் பார்க்க வந்தால் கூடக் கொஞ்சம் கொடு என்று கேட்க எனக்கு வாய் வராது.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? ஏசி ஓட வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும். கட்டணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்பட்டால் எல்லாருக்கும் சேர்த்து ஐந்து பத்து கூட்டட்டும். எந்த மாநிலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை வந்தாலும் இலவசமாக விடட்டும். உள்ளூர்க்காரருக்குச் சலுகை வேண்டுமென்றால் ஆண்டுச் சீட்டு என்று ஒன்று போடலாம். வருஷத்துக்கு எட்டுத் தடவை போகிறவர் யார், பாளையங்கோட்டைக்காரர்தானே? அவருக்கு அது லாபம். முகவரியே கேட்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் எல்லாருக்கும் இலவசம் என்றால், சந்தைக்கு வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஆண்டுச் சீட்டு அவருக்குப் பிடித்திருந்தது. மற்றதில் அவ்வளவாக இல்லை.

அப்புறம் பத்மநாபபுரம் அரண்மனையைச் சொன்னேன். தக்கலை பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருக்கிறது. 1956இல் அந்த ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இன்றுவரை இருக்கிறது. டிக்கெட் கொடுப்பது கேரள அரசு. அண்ணாச்சியின் தங்கச்சியைத் தக்கலையில்தான் கொடுத்திருக்கிறது. கேரள அரசும் உங்களை மாதிரியே நினைத்து, வெளி மாநிலத்தவருக்குத் தனி ரேட்டு என்று போட்டால், வீட்டிலிருந்து நடந்து போகிற உங்கள் தங்கச்சிதான் அங்கே வெளி மாநிலம். புனலூரிலிருந்து நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிற அத்தான் உள்ளூர் என்றேன்.

அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது வேறல்லா" என்றார் முதலில். பிறகு, "அன்னைக்கு உங்க அத்தான் பக்கத்துலதான நின்னாரு? நான் அவர நினைச்சே சொல்லலயே" என்றார். அத்தானுக்கும் அது தெரியும் என்றேன். இருந்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. அப்போதே என் போனை வாங்கிப் புனலூருக்குப் பேசினார். மன்னிப்பு அது இதென்று எதுவும் இல்லை. சௌக்கியம் விசாரித்தார், பேரன் என்ன செய்கிறான் என்று கேட்டார், நோட்டை எடுத்து அந்தத் தாழியின் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று எழுத்துக் கூட்டிக் கேட்டார்.

அடுத்த மாதம் எல்லாருமாகப் பத்மநாபபுரம் போவதாக முடிவாகியிருக்கிறது. அத்தான் திருவனந்தபுரம் வழியாக வருகிறார். நாங்கள் நாகர்கோவில் வழியாகப் போகிறோம். திங்கட்கிழமை அரண்மனை அடைப்பு என்பதால் செவ்வாய்க்கிழமைக்கு வண்டி பேசியிருக்கிறது. மதியச் சாப்பாடு தங்கச்சி வீட்டில்.